வார்த்த வீரனை மீண்டும் வார்த்தல்

பிள்ளைகள் இரவெல்லாம் கணினியின் முன் அமர்ந்து ஆட்டம் ஆடுகின்றனர் என்னும் முறையீடு நம் சங்கத்துக் குடும்பங்களில் கேட்கப்படாத நாளில்லை. அம்முறையீட்டில் நியாயமே இல்லையென்று வாதாட நாம் முன்வரவில்லை. நம்முள் சிலர் பிள்ளைப் பருவம் கடந்தும் அவ்வாட்டங்களில் ஒன்றை ஆடி வருகிறோம் என்பதனால் நம் சாட்சியம் ஒருதலையானது என்று அன்பர்கள் கருதவும் கூடும். எனினும் அந்த ஆட்டத்தில் உள்ள ஓர் ஏற்பாட்டைப் பற்றியும், அதன் பொருட்டு நமக்குள் இரு வாரம் நிகழ்ந்த வழக்கைப் பற்றியும் எழுதலாம் எனத் துணிந்தோம்.

ஆட்டத்தின் பெயர் சிட்டி ஆஃப் ஹீரோஸ். அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பாரகான் சிட்டி என்றொரு கற்பனை நகரம். ரிக்டி என்னும் வேற்றுலகத்தார் படையெடுத்துச் சிதைத்த அந்நகரை ஆயிரக்கணக்கான மாவீரர்கள் காத்து நிற்கின்றனர். ஒவ்வொரு வீரனையும் உலகின் எங்கோ ஒரு மூலையில் அமர்ந்திருக்கும் ஒரு மனிதர் இயக்குகிறார். கிரிப்டிக் ஸ்டூடியோஸ் நிறுவனத்தார் ஆக்கி, கொரிய நாட்டு என்ஸிஸாஃப்ட் நிறுவனத்தார் 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இதனை வெளியிட்டனர். வீரனின் முகம், உடை, நிறம், உயரம் யாவற்றையும் ஆடுவோரே வகுத்துக்கொள்ளலாம். இவ்வுரிமை எவ்வளவு தாராளமாக இருந்ததென்றால், தங்கள் கதைமாந்தரைப் போலவே வீரர்களை வார்த்துக்கொள்ள இது வழிசெய்கிறது என்று மார்வெல் நிறுவனத்தார் அவ்வாண்டே வழக்குத் தொடுத்தனர். 2005 டிசம்பரில் அவ்வழக்கு சமரசத்தில் முடிந்தது.

உடை அமைப்பது இன்பமான வேலை. அதில் பிழை நேர்ந்தாலும் கேடில்லை. ஆற்றல்களை அமைப்பதோ அப்படியன்று. தொடக்கத்தில் ஐந்து வகை வீரர் இருந்தனர். தூரத்திலிருந்து தாக்கும் ப்ளாஸ்டர், நெருங்கிப் பொருதும் ஸ்க்ராப்பர், அடியைத் தாங்கும் டாங்கர், பகைவரைக் கட்டிவைக்கும் கன்ட்ரோலர், துணைவரைப் பேணும் டிஃபெண்டர் என்பன அவை. வகையைத் தேர்ந்தபின் முதன்மையாக ஒன்று, துணையாக ஒன்று என இரண்டு ஆற்றற்குலங்களைத் தேர்தல் வேண்டும். பின்னர் வீரன் முதற்படியிலிருந்து 50-ஆம் படிவரை ஏற ஏற, குறித்த படிகளில் ஒவ்வோர் ஆற்றலாக 24 ஆற்றல்களைப் பெறுவான். இடைப்பட்ட படிகளில் அவ்வாற்றல்களைக் கூர்மைப்படுத்தும் இடங்கள் 67 கிட்டும். ஓர் ஆற்றலுக்கு இயல்பாக உள்ள ஓரிடத்தோடு சேர்த்து ஆறு இடத்திற்கு மேல் ஆகாது. அவ்விடங்களில் என்ஹான்ஸ்மெண்ட் எனப்படும் மேம்பாடுகளைப் பதித்தால் அடி வலுக்கும், குறி தப்பாது, அல்லது ஆற்றல் விரைவில் மீண்டும் கைக்கு வரும்.

இருபத்து நான்கும் அறுபத்தேழும் பெருந்தொகையாகத் தோன்றலாம். ஆடிப் பார்த்தவர்க்கே அது எவ்வளவு பற்றாக்குறையான பங்கீடு என்பது விளங்கும். குடும்பத்தின் மாதச் செலவுக் கணக்கை எழுதும் நம் இல்லத்தரசியர் இதனை எளிதில் உணர்வர்.

ஆட்டம் வெளிவந்த நாளில் ஒருமுறை எடுத்த ஆற்றல் எடுத்ததே. ஆறாம் படியில் விளையாட்டாகக் கொண்ட ஒன்றினை நாற்பதாம் படியிலும் சுமந்தே தீரவேண்டும். வேண்டாவிடில் வீரனை நீக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். பின்னர்தான் ரெஸ்பெக் என்று ஆடுவோர் சுருக்கமாக அழைக்கும் மறுஅமைப்பு வந்தது. அதனைக் கேட்டவுடன் கொடுத்துவிடவில்லை. 24-ஆம் படியை எட்டிய வீரர்கள் குழுவாகச் சென்று, டெர்ரா வோல்ட்டா என்னும் இடத்திலுள்ள மின்னுலையைப் பகைவர் அலையலையாக வந்து தாக்கும்போது காத்து நின்றால் ஒரு மறுஅமைப்பு பரிசாகக் கிட்டும். 34-ஆம் படிக்கு மேல் இரண்டாவதும், 44-ஆம் படிக்கு மேல் மூன்றாவதும் அவ்வண்ணமே பெறலாம். தன் கடந்த காலத்தைத் திருத்தும் உரிமையை ஒருவன் தனியாக ஈட்ட முடியாது, துணைவர் வேண்டும் என்று வைத்தது நமக்கு மிகவும் பிடித்தமான ஏற்பாடு.

மறுஅமைப்புத் திரை திறந்தவுடன் வீரன் மீண்டும் முதற்படியில் நிற்கிறான். ஏறிய படிகளும் ஈட்டிய பட்டயங்களும் அப்படியே இருக்கும். ஆற்றல்கள் மட்டும் கழற்றப்பட்டிருக்கும். முதலில் 24 ஆற்றல்களையும் அந்தந்தப் படியின் வரிசையில் எடுக்க வேண்டும். அடுத்து 67 இடங்களைப் பகிர வேண்டும். இறுதியில் பழைய மேம்பாடுகளைப் புதிய இடங்களில் பதிக்க வேண்டும். இடம் கிட்டாத மேம்பாடுகளில் பத்தினை மட்டும் பையில் வைத்துக்கொள்ளப் பழைய ஆட்டம் இசைந்தது. எஞ்சியவை இன்ஃப்ளூயன்ஸ் என்னும் செல்வாக்குப் பணமாக மாறிவிடும். அரிதில் தேடிய மேம்பாட்டை இவ்வாறு அற்ப விலைக்கு இழந்து புலம்பியோர் பலர். முடிவு என்னும் பொத்தானை அழுத்தும் வரையில் விலகிக்கொள்ளலாம். அழுத்தியபின் திரும்ப வழியில்லை.

மாற்ற இயலாதவையும் உண்டு. டிஃபெண்டர் ஒருநாளும் டாங்கர் ஆகமாட்டான். தேர்ந்த இரண்டு ஆற்றற்குலங்களும் இறுதிவரை அவையே. குலத்தினுள் எதனை எடுப்பது, எப்போது எடுப்பது, எதற்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பனவே நம் கையிலுள்ளவை.

ஆடுவோர் மனமாற்றத்திற்கு மட்டும் மறுஅமைப்பு பயன்பட்டது என்று எண்ணலாகாது. சட்டமே மாறியபோதுதான் அதன் அருமை தெரிந்தது. டிஃபெண்டருக்குரிய எம்பதி என்னும் குலத்தில் ஃபார்ட்டிட்யூட் என்றோர் ஆற்றல் உண்டு. துணைவர் ஒருவர்மீது அதனை ஏவினால் 120 நொடிகள் அவர் அடி வலுக்கும், குறி தப்பாது, பகைவர் அடி அவர்மீது எளிதில் படாது. ஒருமுறை ஏவியபின் மீண்டும் ஏவ 60 நொடிகள் காத்திருக்க வேண்டும். ஆகவே மேம்பாடு இன்றி இருவரை மட்டுமே இடைவிடாமல் பேண முடியும். விரைவு கூட்டும் மேம்பாடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விரைவைச் சேர்க்கும். முன்னாளில் ஆறு இடங்களிலும் அதனையே பதித்து, 60 நொடியை 20 நொடியாக்கி, ஆறு துணைவரைக் காத்தனர். 2005-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆக்கியோர் புதுவிதி ஒன்றைக் கொணர்ந்தனர். ஓர் ஆற்றலில் ஒரேவகை மேம்பாடு மூன்றுக்கு மேற்பட்டால் மேற்பட்டவற்றின் பயன் பெரிதும் தேய்ந்துவிடும் என்பது அவ்விதி. மூன்று பதித்தால் காத்திருப்பு ஏறத்தாழ 31 நொடி. ஆறு பதித்தாலும் ஏறத்தாழ 29 நொடி. அதாவது பிந்திய மூன்று இடங்களும் சேர்ந்து இரண்டு நொடியே மிச்சப்படுத்தின. ஒரே இரவில் நகரத்து வீரர் அனைவரின் கணக்கும் பொய்த்தது. எழுந்த கூக்குரல் சிறிதன்று. ஒரே மருந்தை ஆறு வேளை உண்பதைத் தடுத்து, பல்வகை உணவை உண்ணச் செய்த விதியென்றே நாம் இதனைக் கொள்கிறோம். இதை இன்றும் மன்னியாதார் உளர். இத்தகைய பெருமாற்றங்கள் வந்தபோது அனைவர்க்கும் இலவச மறுஅமைப்பு ஒன்றினை வழங்குவது பின்னர் வழக்கமாயிற்று.

மாற்றம் எப்போதும் இழப்பாகவே வந்ததென்று சொல்வதற்கில்லை. ஸ்டாமினா என்னும் களைப்பாற்றும் ஆற்றலை முன்னாளில் ஏறத்தாழ எல்லோரும் எடுத்தனர். அதனை 20-ஆம் படியில் பெறுவதற்காக அதே தொகுதியில் வேண்டாத இரண்டு ஆற்றல்களை முன்னரே எடுத்தாக வேண்டும். 2010 நவம்பரில் அத்தொகுதி முழுவதையும் எல்லா வீரர்க்கும் இயல்பாகவே அளித்துவிட்டனர். பழைய வீரர்கள் மறுஅமைப்பு செய்துகொண்டால் மூன்று ஆற்றல்களுக்கு இடம் வெறுமையாகக் கிட்டியது. ஆறாண்டுகள் நெருக்கி வாழ்ந்த வீட்டில் புதிதாக ஓர் அறை திறந்தது போன்ற மகிழ்ச்சி அது.

2012 ஆகஸ்டு இறுதியில் ஆட்டம் மூடப்படும் என்று அறிவித்தனர். ஆடுவோர் அட்லஸ் பூங்காவில் உலகைத் தோளிற் சுமந்து நிற்கும் பெருஞ்சிலையின் அடியில் தீவட்டிகளுடன் தங்கள் வீரர்களை நிறுத்தி முறையிட்டும் பயனில்லை. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் நாள் விளக்கு அணைந்தது. 2019-ஆம் ஆண்டில் ஆர்வலர்கள் தாங்களே சேவையகங்களை நிறுவி அதனை உயிர்ப்பித்தனர். அவற்றுள் ஹோம்கமிங் என்பதற்கு 2024 ஜனவரியில் என்ஸிஸாஃப்ட் நிறுவனமே உரிமம் அளித்தது. இன்று கட்டணமின்றி யாரும் ஆடலாம். பழைய வீரர்கள் மட்டும் திரும்பவில்லை. எல்லோரும் வெறுங்கையோடு முதற்படியிலிருந்தே ஏறினர்.

நாம் அங்குச் சேர்ந்தது அதன்பிறகே. நாம் என்பது நால்வர்; வெவ்வேறு ஊர்களில் ரயில்வே குடியிருப்புகளில் வாழும் தமிழர். இரவு முறைவேலை இல்லாத நாட்களில் பத்து மணிக்குமேல் கூடுவோம். கைப்பேசியில் குழுவாகப் பேசிக்கொண்டே ஆடுவதால் ஆட்டம் பாதி, ஊர்ப்பேச்சு பாதி. சென்ற ஆண்டு நம்மைப் பேணி வந்த டிஃபெண்டர் நண்பருக்கு இட மாற்றமும், உடன் இரட்டைக் குழந்தைகளும் வாய்த்தன. அவர் வருவது நின்றது. அதே சமயத்தில் நம்முள் ஒருவரின் அக்காள் மகன் வந்து சேர்ந்தான். ஒன்பதாம் வகுப்பு மாணவன். ஜார்க்கண்டில் அவன் வசிக்கும் குடியிருப்பில் தமிழ் பேசும் சிறுவர் வேறு எவருமில்லை. வீட்டில் தாய் தமிழில் கேட்டால் அவன் இந்தியில் விடை சொல்லும் நிலை. மாமன்மாரோடு ஆடும் அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் அவன் தமிழில் பேசினான்; வேறு வழியில்லாமையால் பேசினான் என்பதே பொருத்தம். “அவன் படிப்பு கெடாத மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள், தம்பி. அவன் வாயிலிருந்து நாலு வார்த்தை வருகிறதே, அதுவே போதும்” என்று அவன் தாயார் சனி, ஞாயிறு இரவுகளுக்கு இசைவு தந்தார்.

சிறுவனின் வீரன் 20-ஆம் படியில் இருந்தான். உயர்ந்த படியினர் தாழ்ந்த படிப் பணியில் சேர்ந்தால் ஆட்டமே அவர்களைத் தாழ்த்திச் சமமாக்கும். அப்போது, தாழ்ந்த படிக்கு மேல் ஐந்து படிவரை பெற்ற ஆற்றல்களே இயங்கும். 20-க்கு இறங்கினால் 25-ஆம் படிவரை எடுத்தவை மட்டும் உண்டு; அதற்குமேல் எடுத்தவை அனைத்தும் உறங்கிவிடும். இதிலேதான் சிக்கல் தோன்றியது.

நம் குழுவில் எஞ்சிய டிஃபெண்டர் ஒருவர் உண்டு. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் தனியாக ஆடியே 50-ஆம் படியை எட்டியவர். எம்பதி குலத்தைத் தேர்ந்திருந்தும், துணைவர் இல்லாமையால் பேணும் ஆற்றல்களைப் பின்னுக்குத் தள்ளி, துணைக்குலமான கதிரியக்கத் தாக்குதல்களையும் பறக்கும் ஆற்றலையும் முதலில் எடுத்துக்கொண்டார். தனித்து வாழ்ந்தவனுக்கு அது சரியான அமைப்பே. அதனைக் குறைசொல்ல எவர்க்கும் உரிமையில்லை. ஆயின் 12-ஆம் படியிலேயே எடுக்கக்கூடிய ஃபார்ட்டிட்யூடை அவர் 38-இல் எடுத்திருந்தார். சிறுவனோடு இறங்கிய இரவுகளில் அது உறங்கியது. சிறுவன் அடிபட்டு விழுந்தான், எழுந்தான், மீண்டும் விழுந்தான். மூன்றாம் வாரத்தில், “மாமா, எனக்குத் தூக்கம் வருது” என்று அரைமணியிலேயே விடைபெற்றான். தூக்கம் வந்த குரலாக அது இல்லை.

நண்பரிடம் மறுஅமைப்பைப் பற்றிச் சொன்னோம். அவர் எளிதில் இசையவில்லை. அவர் தரப்பிலும் நியாயம் இருந்தது. “ஒரு வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செதுக்கியது அண்ணே இது. ஆளில்லாத நேரத்தில் எனக்குத் துணையாக இருந்தது இதுதான். இதைக் கலைத்துவிட்டால் நாளைக்கு நீங்களும் வேலை மாறிப் போய்விட்டால் நான் எதை வைத்துத் தனியாக ஆடுவேன்?” என்றார். புதிதாக வேறொரு டிஃபெண்டரை முதற்படியிலிருந்து வளர்க்கலாமே என்றும் கேட்டார். வளர்க்கலாம், அதற்கு ஆகும் மாதங்களில் சிறுவன் இருப்பானா என்பதே நம் ஐயம்.

இரண்டாம் வாரத்தில் அவரே தாளும் பென்சிலுமாக வந்தார். திட்டமிடுவதற்கு மிட்ஸ் என்னும் மென்பொருள் ஒன்று உண்டு. எனினும் முதலில் தாளில் எழுதிப் பார்ப்பதே தெளிவு தரும் என்பது நம் அனுபவம். கால அட்டவணை திருத்துவோர் அறிவர். ஒரு வண்டியைப் பத்து நிமிடம் நகர்த்தினால் பின்னால் இருபது வண்டிகள் நகரும். இதுவும் அவ்வாறே. ஹீலிங் ஆரா என்னும் சுற்றியிருப்போரை ஆற்றும் ஆற்றல் முதற்படிக்கு வந்தது. வீழ்ந்தவரை எழுப்புவது 6-இல், மயக்கம் தெளிவிப்பது 8-இல், ஃபார்ட்டிட்யூட் 12-இல், களைப்பு நீக்கும் ரிகவரி ஆரா 18-இல் அமர்ந்தன. கதிரியக்கத் தாக்குதல்களில் மூன்று பின்னே நகர்ந்தன. இரண்டு அறவே நீங்கின. ஃபார்ட்டிட்யூடுக்கு ஆறு இடங்கள் கொடுத்து, அவற்றில் மூன்றில் விரைவைப் பதித்தால் ஏறத்தாழ 31 நொடி. அவரை நீக்கினால் குழுவில் நாம் மூவர். 120 நொடிக்குள் மூவர்க்கும் முறை வந்து, ஏவும் நேரம் போகவும் சற்று எஞ்சும். படி இறங்கும்போது மேம்பாடுகள் கொஞ்சம் தளர்வதால் அந்த மிச்சம் தேவையே.

அப்ஸார்ப் பெய்ன் என்றோர் ஆற்றலைப் பற்றித் தனி விவாதம் எழுந்தது. பிறர் காயத்தைப் பெரிய அளவில் ஆற்றி, அதன் விலையைத் தன் உயிர்நிலையிலிருந்து கொடுக்கும் ஆற்றல் அது. அதை எடுக்க வேண்டாம் என்றோம். “அது இல்லாமல் எம்பதி என்ன எம்பதி?” என்று அவரே எடுத்துக்கொண்டார்.

கடைசியாக நின்றது பறத்தல். அவர் 4-ஆம் படியிலேயே எடுத்தது அது. கடையில் சிறு விலைக்கு முதுகில் கட்டும் பறக்கும் கருவி கிடைக்கிறது. அதற்காக ஓர் ஆற்றலைச் செலவிடலாமா என்று கணக்குப் பார்ப்போர் கேட்பர். நாமும் கேட்டோம். “மூட்டையைக் கட்டிக்கொண்டு போவது பறப்பதா அண்ணே?” என்றார். அதற்குமேல் நாம் பேசவில்லை. பறத்தல் 4-ஆம் படியிலேயே நின்றது. அதற்கு ஈடாக அவர் இன்னொரு தாக்குதலை விட்டுக்கொடுத்தார்.

ஒரு வெள்ளியிரவு நாம் மூவரும் கைப்பேசியில் காத்திருக்க, அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே அமைத்தார். ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் ஆயின. முடிவுப் பொத்தானை அழுத்துமுன் சிறிது நேரம் பேச்சில்லை. பின், “போட்டாச்சு” என்றார்.

மறுநாள் சிறுவனுக்கு இச்செய்தி எதையும் சொல்லவில்லை. முதற் சண்டையில் அவன் வீரனைச் சுற்றி ஒளி சூழ்ந்தது. “மாமா, இது என்ன எம்மேல?” என்றான். அன்று இரண்டு முறையே விழுந்தான். இரண்டு முறையும் நண்பர் வானிலிருந்து இறங்கி வந்து எழுப்பினார். பதினொன்றரை மணிக்கு அவன் தாயார் வந்து அதட்டும் வரை பேச்சு ஓயவில்லை. ‘உயிர்’ என்னும் சொல்லை அவன் ‘உசிரு’ என்று திருநெல்வேலிப் பாங்கில் சொன்னதைக் கேட்டு, அது எங்கிருந்து வந்ததென்று நாம் வியந்தோம். நண்பர் திருநெல்வேலிக்காரர்.

இப்போது சிறுவன் 24-ஆம் படியை எட்டியிருக்கிறான். வருகிற ஞாயிறு இரவு டெர்ரா வோல்ட்டாவுக்குப் போகிறோம். தனக்குக் கிட்டப்போகும் மறுஅமைப்பில் எதனை நீக்குவது, எதனைச் சேர்ப்பது என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். தமிழில் எழுதச் சொன்னது நாமே. எழுத்துப் பிழைகள் ஏராளம். முதல் வரியில், 4-ஆம் படிக்கு எதிரே, ‘பரத்தல்’ என்று எழுதியிருக்கிறான்.